துவையலில் ஒரு விருந்தாளி

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தபோது, ஒரு வீட்டில் சோற்றுக்குத் துவையல் வைத்தார்கள். வறுத்த மிளகாய் வற்றல், தேங்காய், புளி, உப்பு; அம்மியில் சிறிது நேர வேலை, அவ்வளவுதான். "ஆதிகாலத்துப் பக்குவம்!" என்றார் பாட்டியம்மாள்.

அம்மி ஆதிகாலத்ததுதான். ஆனால் மிளகாய்? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்பு, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. அதற்கு முன் நம் சமையலுக்குப் பெரும்பாலும் காரம் தந்தது மிளகே. மிளகைத் தேடி வந்தவர்களே மிளகுக்குப் போட்டியையும் கொண்டு வந்தார்கள்! நம்மவர் அதற்கு மிளகின் பெயரையே சூட்டி மிளகாய் என்று அழைத்தார்கள்.

இதைப் பாட்டியம்மாளிடம் நான் சொல்லவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நம் அம்மியில் அரைபட்டதை அந்நியம் என்று எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.