2 விநாடியில் புரியலைன்னா அது போர்டே இல்லை! - சாலைப் பலகைகளின் டிசைன் ரகசியம்

நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சாலையோரம் ஒரு போர்டு. அதைப் படிக்க வெறும் 2 விநாடி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் உங்கள் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும் தெரியுமா? 44 மீட்டர். கிட்டத்தட்ட நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்திவைத்த நீளம். அவ்வளவு தூரமும் உங்கள் கவனம் சாலையில் முழுசாக இல்லை!

இன்ஸ்டா போஸ்ட் புரியவில்லை என்றால் மறுபடியும் மேலே தள்ளிப் படிக்கலாம். ரோட்டில் அந்த வசதி கிடையாது. அதனால், ஒரு சாலைப் பலகை எவ்வளவு விஷயம் சொல்கிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் உங்கள் கவனத்தைச் சாலைக்கே திருப்பி அனுப்புகிறது என்பதுதான் முக்கியம். அதை எப்படிச் செய்கிறார்கள்? பார்ப்போமா?

படிக்கும் முன்பே புரியணும்

எல்.எல்.ஆர் டெஸ்ட்டுக்காக மனப்பாடம் செய்த சின்னங்களை ஒருமுறை நினைத்துப்பாருங்கள். சிவப்பு விளிம்பு வைத்த முக்கோணம் என்றால், 'முன்னால் ஏதோ இருக்கு, உஷார்'. சிவப்பு வளையம் போட்ட வட்டம் என்றால், தடை அல்லது கட்டுப்பாடு. நீல வட்டம், 'இதைச் செய்தே ஆகணும்'. நீலச் செவ்வகம், வெறும் தகவல். உள்ளே இருக்கும் படம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, தூரத்தில் தெரியும் வடிவமே பாதி சேதியைச் சொல்லிவிடுகிறது.

'நில்' பலகைக்கு மட்டும் ஏன் எட்டு மூலை, 'வழிவிடு' பலகை மட்டும் ஏன் தலைகீழ் முக்கோணம் என்று யோசித்திருக்கிறீர்களா? தூசி படிந்தாலும், பெயின்ட் மங்கினாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும்கூட வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். இந்த மாதிரியான பொது மொழியைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது, 1968-ல் உருவான வியன்னா ஒப்பந்தம்.

டிரைவர் சீட்டிலிருந்து யோசித்த இருவர்

பிரிட்டனின் முதல் மோட்டார்வே 1958-ல் பிரஸ்டன் நகருக்கு அருகே திறக்கப்பட்டது. அதற்கான பலகைகளை வடிவமைத்தவர் ஜாக் கின்னியர். உடன் வேலை பார்த்தவர் அவருடைய மாணவி மார்கரெட் கால்வெர்ட். பலகையை மேஜையில் வைத்து அழகு பார்க்காமல், 'வேகமாகப் போகும் ஒருவருக்கு இப்போ என்ன தெரியணும்?' என்ற கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். ரவுண்டானா வருகிறதா? அதை ஒரு குட்டி மேப் போல வரைந்தார்கள். முக்கியமான சாலைக்குத் தடித்த கோடு, சின்னச் சாலைக்கு மெல்லிய கோடு. படிக்கவே வேண்டாம், பார்த்தாலே போதும்.

பிரிட்டனில் ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தைக் குறிக்க, பலகையில் எரியும் தீப்பந்தத்தைப் போட்டிருந்தார்கள். அறிவுச்சுடராம்! கருத்து அழகுதான். ஆனால், குழந்தை குறுக்கே ஓடிவரலாம் என்று தீப்பந்தத்தைப் பார்த்து யாருக்குத் தோன்றும்? கால்வெர்ட், ஒரு சிறுமி தன்னைவிடச் சின்னப் பையனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல வரைந்தார். அந்தச் சிறுமிக்கு மாடல், சின்ன வயது கால்வெர்ட்டேதான். 1965-ல் இந்தப் புதிய பலகைகள் பிரிட்டன் சாலைகளுக்கு வந்தன.

பயமுறுத்தினால் கவனம் கூடுமா?

'பலகை என்ன, கொஞ்சம் அதிர்ச்சி கொடுத்தால் ஜனங்க மெதுவா போவாங்க' என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் அப்படித்தான் நினைத்தது. 2012 ஆகஸ்ட்டிலிருந்து, மாதத்தில் ஒரு வாரம், நெடுஞ்சாலை மின்னணுப் பலகைகளில் 'இந்த ஆண்டு இதுவரை சாலையில் இறந்தவர்கள் இத்தனை பேர்' என்று காட்டினார்கள்.

ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எண்ணிக்கை காட்டிய வாரங்களையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட்டார்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. எண்ணிக்கை காட்டிய வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவிகிதம் கூடியிருந்தன! இதனால் டெக்சாஸில் ஆண்டுக்கு சுமார் 2,600 விபத்துகளும் 16 மரணங்களும் கூடுதலாக நடந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

காரணம் எளிது. மரணக் கணக்கைப் பார்த்ததும் மனசு கொஞ்ச நேரம் அதிலேயே நிற்கிறது. அந்த நேரத்தில் முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டால்..? எண்ணிக்கை பெரிதாக இருந்தபோதும், சிக்கலான சாலைப் பகுதிகளிலும் பாதிப்பு இன்னும் அதிகமாக இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால், டிரைவர் செய்ய வேண்டியது என்ன என்பதை அந்தப் பலகை சொல்லவே இல்லை.

காமெடி, சினிமா பன்ச் எல்லாம் பலகையில் வேண்டாம் என்று அமெரிக்க மத்திய அரசின் சாலைக் குறியீட்டு விதிநூல் 2023 பதிப்பில் அறிவுறுத்தியதும் இதே மாதிரி காரணத்துக்காகத்தான். ஜோக் புரிய ஒரு விநாடி கூடுதலாக வேண்டும். புரியாதவருக்கு இன்னும் அதிகம்.

நம் ஊர் பேனரைக் கொஞ்சம் திருத்துவோமா?

'முன்னால் பாலம் கட்டுமானப் பணி நடைபெற்றுவருவதால் வாகன ஓட்டிகள் அனைவரும் மாற்றுப்பாதையைப் பயன்படுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

இப்படி ஒரு ஃப்ளெக்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரியாதையான வாக்கியம்தான். ஆனால், பைக்கில் போகிறவர் 'கட்டுமானப் பணி' வரைக்கும் படிப்பதற்குள் பள்ளமே வந்துவிடும். இதையே இப்படி எழுதிப்பாருங்கள்:

பாலப்பணி
500 மீட்டரில்
இடதுபுறம் திரும்பவும்

என்ன, எங்கே, நான் என்ன செய்யணும்? மூன்று கேள்வி, மூன்று வரி. அவ்வளவுதான்.

நீங்களே போர்டு வைக்கப்போகிறீர்களா?

பொதுச்சாலையில் போக்குவரத்துப் பலகை வைப்பது அரசுத் துறைகளின் வேலை. ஆனால் கல்லூரி விழா, கோயில் திருவிழா, அப்பார்ட்மென்ட் பார்க்கிங் என்று வழிகாட்டும் போர்டு வைக்கும் பொறுப்பு நம்மிடமும் வரும். அப்போது இதையெல்லாம் கவனியுங்கள்.

* ஒரு போர்டுக்கு ஒரு சேதி போதும். வாழ்த்து, ஸ்பான்சர் பெயர், போட்டோவுக்குத் தனி பேனர் வையுங்கள்.

* திருப்பத்திலேயே வைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட நேரம் கிடைக்கும்படி முன்கூட்டியே வையுங்கள்.

* தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் விடுங்கள். நெருக்கி அடித்தால் புள்ளியும் சுழியும் தூரத்தில் ஒன்றாகிவிடும். அலங்கார ஃபான்ட் வேண்டவே வேண்டாம்.

* வெளிர் பின்னணியில் அடர்ந்த எழுத்து, அல்லது அதற்கு நேர்மாறு. இரவுக்கு, ஹெட்லைட் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் அவசியம்.

* விழா முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். பழைய அம்புக்குறி, போர்டே இல்லாததைவிட ஆபத்து.

கடைசியாக ஒரு டெஸ்ட். டிசைனை உங்கள் போனில் சின்னதாக்கி, விஷயம் தெரியாத நண்பரிடம் 2 விநாடி மட்டும் காட்டுங்கள். 'இப்போ நீ எந்தப் பக்கம் திரும்புவே?' என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் பிரின்ட்டுக்கு அனுப்பலாம். 'இன்னொரு தடவை காட்டு' என்றால், அனுப்பாதீர்கள். வண்டியில் வருகிறவருக்கு அந்த இன்னொரு தடவை கிடைக்காது.