இந்தித் திரைப்பாடலும் வீழ்ச்சிக் கோட்பாடும்: மொழி நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

1. முன்னுரை

இந்தித் திரைப்பாடல்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு முடிபு பெரிதும் வேரூன்றியுள்ளது. 1950களின் பாடல்கள் கவிதை வளமும் மொழிச் செம்மையும் உடையன, இன்றைய பாடல்கள் அவற்றிற்கு ஈடாகா என்பதே அம்முடிபு. இம்முடிபு எவ்வாறு உருவாயிற்று, மொழி ஆய்வுக்குரிய சான்றாக அதனைக் கொள்ளலாமா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொற்காலம் தன் காலத்தில் பெற்ற மதிப்பு

இன்று பொற்காலம் எனப் போற்றப்படும் அக்காலப் பகுதி, தன் காலத்தில் அத்தகைய மதிப்பைப் பெறவில்லை. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் இசைச் சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். பாடல்களின் காமச்சுவையும் மேனாட்டு இசைக்கருவிகளின் பெருக்கமும் குறைகளாகச் சுட்டப்பட்டன. அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்று கூறி அதுவும் நிறுத்தப்பட்டது. இதனை ஏற்காத படத்தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். அதன்பின் திரைப்பாடல் வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. அவ்விடத்தை நிரப்ப மெல்லிசைப் பாடல்களை வானொலியே உருவாக்க முற்பட்டது.

நேயர்களோ இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அந்நிலையத்தில் 1952இல் தொடங்கி அமீன் சயானி வழங்கிய 'பினாக்கா கீத்மாலா' நாடெங்கும் புகழ்பெற்றது. இறுதியில் 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' தொடங்கப்பட்டது. திரைப்பாடலுக்கு அரசு வானொலியில் மீண்டும் இடம் கிடைத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வெளிவந்தவையே 'அனார்கலி' (1953), 'நாகின்' (1954) முதலிய படங்களின் பாடல்கள் என்பது கருதத்தக்கது. வீழ்ச்சியின் அடையாளம் என விலக்கப்பட்டவை பின்னர் உயர்வின் அளவுகோலாயின.

3. ஓராண்டின் இரு பாடல்கள்

இம்மாற்றத்திற்கு நினைவின் தெரிவு முதற்காரணமாகும். 1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் வெளிவந்த 'பியாசா' படத்தில், சாஹிர் லுதியான்வி தம் 'சக்லே' என்னும் உருதுக் கவிதையை மாற்றியமைத்துப் பாடலாக்கினார். மூலத்தில் திரும்பத் திரும்ப வரும் அடி பாரசீகத் தொடரமைப்பு மிக்கது. உருது இலக்கியப் பயிற்சி இல்லாதவர்க்கு எளிதில் விளங்காதது. திரையில் அதற்கு மாற்றாக எளிய பேச்சுவழக்கு இந்துஸ்தானி அடி இடம்பெற்றது. கவிதையின் கடுமையான கண்டனம் குறையவில்லை. அதனைக் கேட்டு உணர்வோர் தொகை பெருகியது. ஒரு மொழிக்குள்ளேயே நிகழ்ந்த மொழிபெயர்ப்பு என இதனைக் கொள்ளலாம்.

அதே ஆண்டில் வெளிவந்த 'ஆஷா' படத்தின் புகழ்பெற்ற பாடலொன்று பொருளற்ற அசைகளையே பல்லவியாகக் கொண்டது. இன்றைய பாடல்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு அதற்கும் பொருந்தும். எனினும் பொற்காலத்தைப் புகழ்வோர் முதற்பாடலையே சான்று காட்டுவர். காலம் வடித்தெடுத்த சில பாடல்களை, இன்னும் வடிக்கப்படாத இன்றைய பாடல்கள் அனைத்தோடும் ஒப்பிடுவது முறையான ஒப்பீடாகாது.

4. உண்மையில் மாறியவை

மாற்றமே இல்லை எனக் கூறுவதும் பொருந்தாது. சாஹிர், மஜ்ரூஹ் சுல்தான்புரி, கைஃபி ஆஸ்மி ஆகியோர் முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தைச் சார்ந்த உருதுக் கவிஞர்கள். இவர்கள் வழியாக ஏட்டுக் கவிதைக்கும் திரைப்பாடலுக்கும் ஓர் உறவு நிலவியது. அவ்வுறவு இன்று அந்த அளவில் இல்லை. இதனை இழப்பு எனலாம்.

மறுபுறம், 1980களில் மலிவான ஒலிநாடாக்கள் பரவின. அதுவரை இசைத்தட்டுத் தொழில் பெரும்பாலும் திரைப்பாடலையே சார்ந்திருந்தது. ஒலிநாடா வந்தபின் போஜ்புரி, ஹரியாணவி, கட்வாலி முதலிய வழக்குகளின் பாடல்கள் பெருமளவில் பதிவு பெற்றன. பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட 'காசெட் கல்ச்சர்' என்னும் நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. அப்பாடல்களுள் பலவும் ஆபாசமானவை எனப் பழிக்கப்பட்டன. ஆயினும் ஏட்டில் அருகியே இடம்பெற்ற வினைவடிவங்களும் வட்டாரச் சொற்களும் அவற்றில் ஒலிவடிவில் கிடைக்கின்றன.

5. மெட்டும் மொழியும்

மெட்டுக்குச் சொல்லைப் பொருத்துவதால்தான் இன்றைய பாடல்மொழி நலிந்தது என்பாரும் உளர். இம்முறை புதியதன்று. 1953இல் 'ஆஹ்' என்னும் இந்திப் படம் தமிழில் 'அவன்' என மொழிமாற்றம் பெற்றபோது, கம்பதாசன் முன்பே அமைந்த மெட்டுகளுக்குத் தமிழில் பாட்டெழுதினார். 1992இல் வெளிவந்த தமிழ்ப் படமான 'ரோஜா' இந்திக்குச் சென்றபோது இதே பணி எதிர்த்திசையில் நிகழ்ந்தது. வைரமுத்துவின் பாடல்களுக்கு ஈடாக பி.கே. மிஸ்ரா இந்தியில் எழுதினார். தமிழ் வினைமுற்றில் காலமும் இடமும் ஒரு சொல்லுக்குள் அடங்கும். இந்தியிலோ துணைவினை தனித்து நிற்பது பெருவழக்கு. எனவே அடியின் இறுதியில் உள்ள இசைநீட்டத்தை எச்சொல்லால் நிரப்புவது என்னும் சிக்கல் இரு மொழிகளிலும் வேறுபடும். நாற்பதாண்டு இடைவெளியில் தொழில்நுட்பம் மாறினும் மொழிபெயர்ப்பாளன் எதிர்கொண்ட இச்சிக்கல் மாறவில்லை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், வீழ்ச்சி என்னும் கூற்று பாடல்களின் மொழியைக் காட்டிலும் கேட்போரின் மனப்பாங்கையே மிகுதியாக உணர்த்துகிறது என்பது பெறப்படும். அக்கூற்றை அடிப்படையாகக் கொண்டு 1952இல் எடுத்த முடிவால் திரைப்பாடல் திருந்தவுமில்லை, மறையவுமில்லை; நேயர்களே அரசு வானொலியை விட்டகன்றனர். மொழியியலாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆங்கிலமும் பஞ்சாபியும் கலந்த இன்றைய பாடல்களைத் தரமற்றவை எனத் தொகுப்பிலிருந்து விலக்கினால், இக்கால மொழிக்கலப்பின் வளமானதொரு சான்றை நாம் இழப்போம். தரத்தைப் பற்றிய முடிவைப் பின்வருவோர் மாற்றக்கூடும். பதிவு செய்யாமல் விட்ட தரவை அவர்களால் மீட்க இயலாது.