தொற்றா, லூபஸின் சீற்றமா?

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோயுள்ள ஒருவர் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். பெரும்பாலும் பெண், இந்நோயில் ஒன்பது பெண்களுக்கு ஓர் ஆண் என்பது கணக்கு. இளவயது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடக்கின்றன, சிறுநீர் குறைந்துகொண்டே போகிறது. இவரை அங்கே கொண்டுவந்தது கிருமித் தொற்றாக இருக்கலாம். லூபஸே சீறி எழுந்து உறுப்புகளைத் தாக்கியதாகவும் இருக்கலாம். படுக்கையருகே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை வளர்த்துவிடக்கூடும்.

1950களில் லூபஸ் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இந்த வெற்றி அதே அளவில் நுழையவில்லை. டொராண்டோவில் மரே யூரோவிட்ஸ் குழுவினர் இறப்புக்கான காரணங்களைப் பற்றி 1976இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. நோய் கண்ட சில ஆண்டுகளுக்குள் இறந்தவர்களிடம் சீறிய லூபஸ், அதிக அளவு ஸ்டீராய்டு, தொற்று மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தன. பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களுக்கோ மாரடைப்பு முக்கியக் காரணமாக இருந்தது.

தொற்றுக்கு வழிவிடுவது மருந்து மட்டும் என்று நினைப்பது அரைகுறை உண்மை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் எதிர்ப்பாற்றலை அடக்குகின்றன, உண்மைதான். லூபஸும் தன் பங்குக்கு லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைக் குறைக்கிறது, கிருமியை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தின்று தீர்க்கிறது. அதனால் சாதாரண நிமோனியாக் கிருமியும் இவர்களிடம் மூர்க்கமாகப் பரவும். நம் நாட்டில் காசநோயை ஒருபோதும் மறக்கக்கூடாது.

பிரித்தறிய உதவும் பரிசோதனைகள் உண்டு. சீற்றத்தில் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவு இறங்கும், டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி ஏறும். பாக்டீரியாத் தொற்றில் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் என்ற ரத்த அளவீடுகள் உயரும். லூபஸ் மட்டும் சீறும்போது சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவாக உயர்வதில்லை. நுரையீரல் உறையோ இதய உறையோ அழன்றிருந்தால் அது விதிவிலக்கு. இவற்றில் எதையும் தனியாக நம்ப முடியாது. சிலருக்கு சி3 எப்போதுமே குறைவு. சிறுநீரகம் செயலிழந்தால் தொற்று இல்லாமலும் புரோகால்சிட்டோனின் ஏறும். ஆறு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட் பக்கத்தில் இருந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

நுரையீரலில்தான் இந்தக் குழப்பம் உச்சம். லூபஸ் சிலருக்கு நுரையீரலின் நுண்குழாய்களை அழற்றிக் காற்றறைகளுக்குள் ரத்தம் கசிய வைக்கிறது. இருமலில் ரத்தம் வரவேண்டும் என்றுகூட இல்லை. நிமோனியாவைப் போன்ற எக்ஸ்ரே, அதோடு திடீரென்று இறங்கும் ஹீமோகுளோபின், இவ்வளவே துப்பு. பிராங்கோஸ்கோப்பியில் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சிவப்பு கூடிக்கொண்டே போனால் கசிவு உறுதி. அதே நீரைக் கிருமிச் சோதனைக்கும் அனுப்பலாம் என்பதால், நோயாளி தாங்குவார் என்றால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்வதே சரி.

சிகிச்சையில் தொற்றும் சீற்றமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. தொற்றுக்கு உடனே ஆன்டிபயாடிக். செப்டிக் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேண்டும். சீற்றத்துக்கு மெத்தில்பிரெட்னிசோலோன் நாளுக்கு 500 முதல் 1000 மி.கி. வரை மூன்று நாள். தேவையானால் சைக்ளோபாஸ்பமைடு, பிளாஸ்மா மாற்றம். தவறு நேர்ந்தால் விளையும் கேடும் சமமாக இல்லை. சீற்றத்தில் இருப்பவருக்குச் சில நாள் ஆன்டிபயாடிக் வீணாகக் கொடுத்தால் பெரிய தீங்கில்லை. தொற்றில் தவிப்பவருக்கு சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால் உயிரே போகலாம். ஆகவே தெளியும்வரை ஆன்டிபயாடிக்கோடு தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். ஆனால் ரத்தக்கசிவு உறுதியானவரை கல்ச்சர் முடிவுக்காகக் காக்க வைப்பதும் கொடுமை. எதிர்ப்பாற்றலை அடக்காத இம்யூனோகுளோபுலின் இந்த இடைவெளியில் சிலருக்குக் கைகொடுக்கிறது; விலைதான் பல குடும்பங்களுக்கு எட்டாதது.

யார் பிழைக்கிறார்கள்? பல நாட்டு ஆய்வுகளிலும் தொற்றோடு வந்தவர்களின் நிலையே பெரும்பாலும் மோசம். சீற்றம் மட்டும் என்றால், காலத்தே கண்டறிந்தால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நுரையீரல் ரத்தக்கசிவும், ஒரு வாரத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகளில் ரத்தம் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பேரிடரும் இதற்குக் கொடிய விதிவிலக்குகள். பின்னதில் ஒரு காலத்தில் பாதிப்பேர் இறந்தார்கள். ரத்த உறைவுத் தடுப்பு, ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின் இறப்பு மூன்றில் ஒன்றை ஒட்டி வந்திருக்கிறது.

முன்கூட்டிக் கணிக்கும் அளவுகோல்களும் இங்கே தடுமாறுகின்றன. லூபஸின் வேகத்தை அளக்கும் ஸ்லீடாய் வலிப்புக்கு எட்டுப் புள்ளி தருகிறது. உயிரைக் குடிக்கும் நுரையீரல் ரத்தக்கசிவுக்கோ அதில் இடமே இல்லை. எல்லா நோயாளிகளுக்குமான அபாச்சி-2 உறுப்புகளின் இன்றைய நிலையைப் பார்ப்பதால் இறப்பை அதைவிடச் சரியாகவே கணிக்கிறது. ஆனால் 44 வயதுக்குட்பட்டவருக்கு வயதுக்காக அது ஒரு புள்ளியும் சேர்ப்பதில்லை. இருபத்தைந்து வயதில் சிறுநீரகமும் இதயமும் நைந்துபோன பெண்ணுக்கு அந்தச் சுழியம் பொருந்துமா?

தொற்றோடு வந்தவர், சீற்றத்தோடு வந்தவர் இருவருக்கும் பொதுவான ஓர் ஆபத்தும் உண்டு. பல மாதங்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரீனல் சுரப்பி தூங்கிவிடுகிறது. தொற்று என்று தெரிந்ததும் அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து போகும். அதைத் தொற்றின் கணக்கில் எழுதிவிடுவார்கள். சைக்ளோபாஸ்பமைடை நிறுத்தலாம், எதிர்ப்பாற்றலை அடக்கும் மற்றொரு மருந்தான மைக்கோபினோலேட்டை நிறுத்தலாம். ஸ்டீராய்டைக் குறைந்தபட்ச அளவிலாவது, ஹைட்ரோகார்ட்டிசோனாகவாவது தொடர்ந்தாக வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம் என்பது நோயாளியால் பேச முடியாத அந்த நேரத்தில் கூட வந்தவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.