உண்டியலும் இலக்கமுறை நாணயமும்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலே, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும் துறையே குறிகட்டுவான். இத்துறையைச் சூழ்ந்த தீவக மக்கள் முன்னர் வணிகத்தின்பொருட்டுத் தென்னிலங்கை நகரங்களுக்கும், 1983 இன் பின்னர்ப் பெருந்தொகையினராகச் சுவிற்சர்லாந்து, பிரான்சு, கனடா முதலிய நாடுகளுக்கும் சென்றனர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி எந்த வங்கியையும் தொடாமலே வந்து சேர்ந்தது. அரசின் துணையின்றி இயங்கும் பணம் என்னும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

உண்டியல் எனப்படும் இம்முறையிலே பணம் கடல் கடப்பதில்லை. சூரிச்சிலே ஒருவர் பிராங்கைக் கொடுக்க, அங்குள்ள முகவரின் சொல்லை ஏற்று இங்குள்ளவர் ரூபாவை வீட்டிலே கொடுப்பார். முகவர் இருவரின் கணக்கும் பின்னர் நேர்செய்யப்படும். சட்டம் இதனை ஏற்பதில்லை. ஆயினும் இதன் வேர் பழையது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பு, இரங்கூன், பினாங்கு முதலிய நகரங்களுக்கிடையே உண்டியல் எழுதியே வாணிகம் நடத்தினர். அத்தாளின் பெறுமதி எழுதியவரின் பெயரிலே தங்கியிருந்தது.

வங்கித்தாளும் ஒருகாலத்தில் அத்தகையதே. 19 ஆம் நூற்றாண்டின் ஒரு பகுதியில் இலங்கையிற் புழங்கிய தாள்களைத் தனியார் வங்கிகளே வெளியிட்டன. அவற்றுள் முதன்மை பெற்ற ஒறியன்ரல் வங்கி, கோப்பிப் பயிரின் அழிவைத் தொடர்ந்து, 1884 மே மாதத்தில் முறிந்தது. தாள்களை வைத்திருந்தோர் கலங்கி நின்றபோது, அவற்றுக்கு அரசே பொறுப்பு என ஆள்பதி ஆர்தர் கோர்டன் அறிவித்தார். அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுத் தாள் வெளியிடும் உரிமை அரசின் கைக்கு வந்தது. பணம் மையப்பட்டமைக்கு அதிகார வேட்கை மட்டுமன்று, மக்களின் அச்சமும் காரணமாயிற்று. பரவலாக்கம் பேசுவோர் பெரும்பாலும் மறப்பது இதனையே.

மையமும் தவறுவதுண்டு. 2021 இன் இறுதியில் மத்திய வங்கி டொலரின் விலையை ஏறத்தாழ 203 ரூபாவிலே கட்டிவைத்தது. உண்டியலிலோ அதனிலும் கூடிய விலை கிடைத்தது. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணவரவு 2022 இல் ஏறத்தாழ 380 கோடியாகச் சுருங்கியது.

இவ்வகை அவநம்பிக்கையே இலக்கமுறை நாணயத்துக்கும் வித்தாயிற்று. செலுத்துபவர் யாரென வங்கியும் அறியாத பணத்துக்கான கணித வழியை அமெரிக்கரான டேவிட் சோம் 1982 இல் வகுத்தார். அவருடைய டிஜிகாஷ் நிறுவனம் 1998 இல் முறியவே அப்பணமும் மறைந்தது. நடுவில் நிறுவனமே வேண்டாம் என்றார் சத்தோசி நாகமோட்டோ என்ற புனைபெயருக்குரியவர். 2008 ஒக்டோபரில் அவர் விளக்கி, 2009 சனவரியில் தொடக்கிய பிட்கொயினின் கணக்கேட்டைப் பங்குகொள்ளும் கணினிகள் பலவும் தனித்தனியே வைத்திருக்கும். ஏட்டிற் புதிய பக்கம் சேர்ப்பதற்குக் கடுங்கணிப்பு வேண்டும். ஆதலாற் பழையதைத் திருத்துதல் அரிது. 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் நாணயம் வெளிவராது.

உண்டியல் அறிந்த முகத்தை நம்புவது. பிட்கொயின் எவரையும் நம்பவேண்டாதபடி வகுக்கப்பட்டது. எனினும் சாதாரண மக்கள் அதனை வாங்கவும் காக்கவும் மீண்டும் நிறுவனங்களையே நாடினர். அவற்றுட் பெரியதாயிருந்த தோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ், ஏறத்தாழ 8,50,000 பிட்கொயின் காணாமற்போனதாகக் கூறி 2014 இல் முறிந்தது. அங்கே பொறுப்பேற்க ஒரு கோர்டன் இருக்கவில்லை. கொடுத்தோருக்கு மிஞ்சியதில் ஒரு பங்கு பிட்கொயினாக மீளத் தொடங்கியது 2024 இலேயாம்.