முதன்மைத் திறவுகோல்

முதன்மைத் திறவுகோல் (பெ.): தரவுத்தள அட்டவணையொன்றில் ஒவ்வொரு வரிசையையும் ஏனைய வரிசைகளினின்றும் ஐயத்துக்கிடமின்றி வேறுபடுத்தும் பத்தி, அல்லது பத்திகளின் தொகுதி. வழக்கில் ‘பிரைமரி கீ’.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி புரிந்த எட்கர் காட், தரவுகளை உறவுகளாகப் பாவிக்கும் தம் சித்தாந்தத்தை விளக்கி 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இப்பதத்தைத் தெளிவாக வரையறுத்தார். ‘பிரைமரி’ என்பது முதல் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘கீ’ என்பதோ பூட்டைத் திறப்பது என்ற ஆதிப் பொருளோடு, மறைந்திருப்பதை விளக்குவது என்ற பொருளையும் நெடுங்காலமாகத் தாங்கிவரும் பழைய ஆங்கிலச் சொல். தனித்து அடையாளங்காட்டும் தகுதி ஓர் அட்டவணையில் பல பத்திகளுக்கு இருக்கக்கூடுமாதலால், அவற்றுள் பிரதானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கே ‘முதன்மை’ என்னும் அடை பொருந்துகிறது.

நிரலின் பொருள்களை அட்டவணைகளோடு இணைக்கும் நூலகங்களில் இச்சொல்லின் கனம் மிகுகிறது. பைத்தான் மொழியின் ‘எஸ்கியூஎல்ஆல்கெமி’யில், வகுப்பொன்றை அட்டவணையோடு பிணைக்குங்கால், பெயர், தேதி முதலிய பத்திகளை எவ்வளவு செம்மையாக வரையறுத்திருப்பினும், திறவுகோலாக ஒரு பத்தியேனும் குறிக்கப்படாவிடில் நூலகம் அப்பிணைப்பை ஏற்க மறுக்கும், ஏனெனில், ஓர் அமர்வில் ஒரு வரிசை எத்தனை முறை படிக்கப்பட்டாலும் அதற்கு ஒரே பொருள்தான் பிரதிநிதியாக நிற்கவேண்டும் என்ற நியதியை அது அத்திறவுகோலின் மதிப்பைக் கொண்டே காத்துவருகிறது. அதே மொழியின் வலைச் சட்டகமான ‘ஜாங்கோ’வோ, நாம் எதையும் குறிக்காதவிடத்து, ‘ஐடி’ என்ற எண் பத்தியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.