டி90இன் வாரிசு: நிக்கான் டி7500 விவரப்பட்டியலின் ஒரு மறுவாசிப்பு

2017 ஏப்ரலில் நிக்கான் டி7500 அறிவிக்கப்பட்டபோது அதைப் பற்றி எழுந்த தீர்ப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முந்தைய டி7200இல் இருந்த இரண்டாவது கார்டு ஸ்லாட் இதில் இல்லை. பழைய லென்ஸ்களின் துளை அளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நெம்பு இல்லை. பேட்டரி கிரிப் மாட்ட வழியில்லை. மேற்புறத்திலும் பின்புறத்திலும் இருந்த மக்னீசியக் கலவை போய், கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக் வந்திருக்கிறது. அமெரிக்க அறிமுக விலையோ 1,199.95 டாலரிலிருந்து 1,249.95 டாலருக்கு ஏறியிருந்தது. மேல்தட்டில் இருந்த டி500இன் விற்பனையைக் காப்பாற்ற, நிறுவனம் தன் நடுத்தரக் கேமராவின் கையைத் தானே கட்டிப்போட்டது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அது முழுத் தவறு என்று இக்கட்டுரை சொல்லவில்லை. தவறான இடத்தில் நின்று அளந்தது என்று மட்டும் சொல்கிறது.

அந்த இடம் டி7200. அதுவே நிக்கானின் இயல்பான நடுத்தரக் கேமரா என்று எடுத்துக்கொண்டால், டி7500இல் காணாமல்போனவை எல்லாம் இழப்புகளாகத்தான் தெரியும். ஆனால் டி7200 பிறந்த சூழல் இயல்பானதல்ல. முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார் கொண்ட டிஎக்ஸ் வரிசையின் உச்சியில் இருந்த டி300எஸ் 2009இல் வந்தது. அதன் உண்மையான வாரிசான டி500 வந்தது 2016 ஜனவரியில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்கு மேலாக உச்சி நாற்காலிக்குப் புதிதாக யாரும் வரவில்லை. 2013இன் டி7100உம் 2015இன் டி7200உம் தங்கள் வேலையோடு அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தன. பறவைப் படக்காரரும் திருமணப் படக்காரரும் வேறு கதியின்றி அவற்றை வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியவையும் அவற்றில் இருந்தாக வேண்டியிருந்தது.

ஆகவே டி7500ஐ எதனுடன் ஒப்பிடுவது? உச்சியில் உரிய ஆள் இருந்த காலத்து நடுத்தரக் கேமராவுடன் ஒப்பிடுவதே முறை. அது 2008 ஆகஸ்டில் வந்த டி90. அப்போது மேலே டி300 இருந்தது. டி90இன் விவரப்பட்டியலை டி7500இன் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால், முந்தைய விமர்சனங்கள் ஏன் இதைச் செய்யவில்லை என்ற வியப்பே முதலில் எழுகிறது. டி90இல் ஒரே ஒரு எஸ்டி ஸ்லாட். உடல் பாலிகார்பனேட். சிப் இல்லாத கைமுறை லென்ஸை மாட்டினால் ஒளியளவி வேலை செய்யாது. இழந்ததாகச் சொல்லப்படும் நான்கில் மூன்று, டி90இலும் இல்லாதவை. இன்னும் சொல்லப்போனால், அன்று மேலே இருந்த டி300இலும் ஒரே கார்டு ஸ்லாட்தான். இரண்டாவது டி300எஸ்ஸில்தான் வந்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். 2010 செப்டம்பரில் டி7000 வந்தபோது டி300எஸ் சந்தையில் இருந்ததே, பிறகு ஏன் டி7000க்கு இரண்டு ஸ்லாட்டும் நெம்பும் மக்னீசிய உடலும் கிடைத்தன? டி7000இன் 16.2 மெகாபிக்சல் சென்சாருக்கும் 1080 வீடியோவுக்கும் முன்னால் டி300எஸ்ஸின் 12.3 மெகாபிக்சலும் 720 வீடியோவும் அன்றே பழையவை ஆகியிருந்தன. பெயருக்கு இருந்தவரை இருந்தவராகக் கணக்கிட வேண்டியதில்லை.

பேட்டரி கிரிப்பை இப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. டி80க்கும் டி90க்கும் பொதுவாக எம்பி-டி80 என்ற கிரிப் இருந்தது. டி7500க்கு எதுவும் இல்லை. இங்கு வைக்கப்படும் விளக்கத்துக்குள் அடங்காத ஒன்று அது.

கார்டு ஸ்லாட் விஷயத்தில் சற்று நின்று பார்க்கலாம், ஏனெனில் அதிகச் சத்தம் எழுந்தது அங்கேதான். ஒரே தருணத்தை இரண்டு கார்டுகளில் பதிவது திருமணப் படக்காரருக்குக் காப்பீடு மாதிரி. தாலி கட்டும் நொடி மறுபடி வராது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதே காலத்தில் அதே விலைத்தட்டில் விற்ற கேனான் 80டியிலும் ஒரே ஸ்லாட்தான். அதற்கு முந்தைய 70டி, 60டி இரண்டிலும் அப்படியே. அவற்றை அதற்காக இந்த அளவுக்கு யாரும் வைததாகத் தெரியவில்லை. ஒரே குறை ஒரு கேமராவில் குற்றமாகவும் இன்னொன்றில் இயல்பாகவும் படுகிறதென்றால், அங்கே அளக்கப்படுவது கேமரா அல்ல, வாங்குபவரின் பழக்கம். தொழில்முறையில் படமெடுப்பவரின் தேவையை ஆர்வலர் கேமராவின் தலையில் வைத்து, அதைத் தாங்கவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கேனான் வரிசை இன்னொரு வகையிலும் இங்கே சாட்சி சொல்கிறது. 2008இன் 50டிக்கு மக்னீசிய உடலும், லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸைத் திருத்தும் வசதியும் இருந்தன, நொடிக்கு 6.3 படங்கள் எடுக்கும். 2009இல் 7டி மேலே வந்து அமர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த 60டியில் மக்னீசியமும் இல்லை, ஃபோகஸ் திருத்தமும் இல்லை, வேகமும் 5.3ஆகக் குறைந்தது. மேலே ஒரு படி புதிதாக முளைத்தால் நடுப்படி கீழே இறங்கும். இரண்டு நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு: 60டி இறங்கியபோது வேகத்தையும் இழந்தது, டி7500 இறங்கியபோது வேகத்தைப் பெற்றது. ‘கையைக் கட்டிப்போட்டார்கள்’ என்ற வாசிப்பு தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

டி7000இலிருந்து டி7200 வரை இந்த வரிசையின் தீராத நோய் பஃபர், அதாவது எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும்வரை தங்கும் நினைவகம். டி7100இல் 14 பிட் தரத்தில், தரவிழப்பின்றிச் சுருக்கிய ரா கோப்புகளாக எடுத்தால் ஆறே படங்களில் பஃபர் நிறைந்துவிடும். மீன்கொத்தி தண்ணீரைத் தொடும் முன்பே கேமரா மூச்சு வாங்கத் தொடங்கும். டி7200 இதைப் 18ஆக உயர்த்தியது, பலரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அதே டி7200இன் பட்டியலில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விளம்பரத்தில் காணும் நொடிக்கு 6 படங்கள் என்ற வேகம் 14 பிட் ரா கோப்பில் 5ஆகக் குறையும். அதாவது முழுத் தரத்தில் மூன்றரை நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டி7500 அதே 14 பிட்டில் நொடிக்கு 8 வீதம் 50 படங்கள் எடுக்கும், ஆறு நொடிக்கு மேல் நிற்காமல். சென்சார், எக்ஸ்பீட் 5 செயலி, 1,80,000 பிக்சல் ஒளியளவி மூன்றும் டி500இலிருந்து வந்தவை. டி500இன் அறிமுக விலை 1,999.95 டாலர். அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள், அதை வாங்கத் தூண்டும் முதன்மைக் காரணங்களையே 750 டாலர் குறைவான கேமராவில் வைத்துக் கொடுப்பார்களா?

24.2இலிருந்து 20.9க்கு இறங்கிய மெகாபிக்சலைப் பற்றி நிறைய எழுதப்பட்டது, அவ்வளவு தேவையில்லை. அகலத்தில் 6000 பிக்சலுக்குப் பதில் 5568. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குலம் பதினெட்டரை ஆகிறது. மறுபக்கம், ஐஎஸ்ஓ 16,40,000 வரை போகும் என்ற விளம்பரத்தையும் யாரும் நம்பிவிட வேண்டாம். வழக்கமான உச்சம் 51,200. அதற்கு மேலுள்ள ஐந்து படிகளில் கிடைப்பது படமா, புழுதியா என்று சொல்வது கடினம்.

கைமுறை லென்ஸ் நெம்பின் இழப்பு உண்மையானது. 1977இல் ஏஐ முறையோடு வந்த ஏற்பாடு அது. லென்ஸின் துளை வளையம் எங்கே நிற்கிறது என்று உடலுக்குச் சொல்லும். அது இல்லாததால் அந்த லென்ஸ்கள் டி7500இல் எம் முறையில் மட்டும் இயங்கும், ஒளியளவி குருடாகிவிடும். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஷட்டரைத் திருத்திக்கொள்ள வேண்டும். பொறுமைசாலிக்கு இது தொல்லை, அவ்வளவே.

இதைவிடப் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. 4கே வீடியோவில் சென்சாரின் நடுப்பகுதியிலிருந்து 3840 பிக்சல் அகலம் மட்டுமே எடுக்கப்படுகிறது. 18 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டக் கணக்கில் ஏறக்குறைய 40 மி.மீ. ஆகிவிடும், கல்யாண மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று மறுமூலையை அகலமாகக் காட்ட வழியில்லை. லைவ் வியூவிலும் வீடியோவிலும் ஃபோகஸ் வெறும் கான்ட்ராஸ்ட் முறையில் தேடித் தேடி நிற்கிறது. 80டியில் 4கே கிடையாது, ஆனால் அதன் டூயல் பிக்சல் முறை நகரும் முகத்தைத் தடுமாறாமல் பின்தொடரும். 2017இல் ஒரு ஆர்வலர் கேமராவைக் குறைகூற வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

டி90ஐ அளவுகோலாக வைத்தால் தெரியவரும் இன்னொன்று, இரண்டிலும் விட்டுவைக்கப்பட்டது: உடலுக்குள் இருக்கும் திருகு ஃபோகஸ் மோட்டார். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் தாமே ஃபோகஸ் செய்ய அது வேண்டும். மலிவான டி3000, டி5000 வரிசைகளில் அது இல்லை. 2019இல் அதே 20.9 மெகாபிக்சலோடும் ஒரே ஸ்லாட்டோடும் இசட்50 வந்தது. அதில் பழைய லென்ஸ்களை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை. டிஎக்ஸ் வரிசையின் நடுத்தட்டில் ஏஎஃப்-டி லென்ஸைத் தானே திருகி ஃபோகஸ் செய்யும் கடைசி உடல், குறைகளின் பட்டியலாகவே இதுவரை படிக்கப்பட்டுவந்த டி7500தான்.