பழைய மலரின் எழுத்துருவைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தோட்டம் விற்கப்பட்டு, லயத்து மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த பிறகும், அந்தத் தோட்டத்து ஆலயத் திருவிழாவும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் ஒன்றுகூடலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மலர் அச்சிடும் நேரத்தில் யாராவது ஒரு பழைய மலரை நீட்டி, “இதே எழுத்துதான் வேண்டும்” என்பார். அதன் கோப்பு ஒரு குறுந்தட்டில் கிடைக்கும். திறந்தால் அங்கே தமிழ் இருக்காது. நன்கொடையாளர், பழைய ஆசிரியர், கங்காணி, மண்டோர் என எல்லார் பெயரும் புரியாத குறிகளாக நிற்கும்.

கோப்பு கெட்டுவிடவில்லை. யுனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டில் இயங்கின. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் குறிகள் மட்டுமே தெரியும். அந்தக் குறிகளே துப்பும் கொடுக்கும். சாதாரண ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் பாமினி. மேலே கோடும் புள்ளியும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப், டாம் வகையாக இருக்கலாம். எழுத்துருப் பெயரின் தொடக்கத்திலேயே இந்த வகைப் பெயர் ஒட்டியிருப்பதும் உண்டு.

கையில் இருப்பது பிடிஎஃப் என்றால் வேலை எளிது. அடோபி ரீடரில் ‘புரோப்பர்டீஸ்’ பகுதிக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்பதைத் திறந்தால், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்கள் வரிசையாக வரும். எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிட்ட கோப்பிலும், படமாக வருடிய பக்கத்திலும் இது பலிக்காது.

படம் மட்டும் இருந்தால்? ‘வாட்தஃபாண்ட்’ போன்ற அடையாளம் காணும் சேவைகள் ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து உருவானவை. தமிழ் வரியைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அதே பதாகையில் ஆங்கிலமோ மலாயோ இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். கேட்டமரன், முக்தா மலர் போன்ற எழுத்துருக்களில் இரண்டு எழுத்து முறையும் ஒரே குடும்பமாக வரையப்பட்டிருப்பதால், சில வேளை அந்த வழியில் பெயர் கிடைத்துவிடும். அதுவும் இல்லையென்றால் கண்தான் கருவி. இ, ஐ, ஞ, ழ, ஷ ஆகியவற்றின் சுழிவும் முனையும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

‘லை’, ‘னை’ போன்றவை யானைத் துதிக்கை வடிவில் இருந்தால், தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வழக்கு அது. 13 எழுத்துகள் அப்போது மாறின. அப்படிப்பட்ட பலகையைக் கையால் எழுதியிருக்கலாம், மலரை ஈய அச்சில் கோத்திருக்கலாம். அவற்றுக்கு எழுத்துருக் கோப்பே இருந்திருக்காது. நெருங்கிய வடிவம் ஒன்றைத் தேர்வதே வழி.

தேர்வதற்கு இன்று பஞ்சமில்லை. கூகல் ஃபாண்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்தால் பட்டியல் வந்துவிடும். பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன் 9 தடிமன்களில் கிடைக்கிறது, பதாகைக்கு ஏற்றது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், கையெழுத்துபோல் சாய்ந்து நிற்கும். நீண்ட கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் கண்ணுக்கு இதம். இவை திறந்த உரிமத்தில் வருபவை. விற்பனைக்கான அச்சு வேலைக்கும் தடையில்லை. ‘இலவசம்’ என்று எழுத்துருக்களை அள்ளிக் கொடுக்கும் எல்லாத் தளங்களையும் அப்படி நம்ப முடியாது. உரிமக் கோப்பு உடன் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேக் கணினி வைத்திருப்போர் தேடவே வேண்டாம். அதனுடன் வரும் இணைமதியும் தமிழ் சங்கம் எம்என்னும் முரசு அஞ்சலை உருவாக்கிய நம் மலேசியர் முத்து நெடுமாறனின் கைவண்ணம். எம்என் என்பது அவர் முத்திரை. அதே கணினியில் மலையாளம், சிங்களம், கெமர் எழுத்துருக்களின் பெயரிலும் அந்த இரண்டு எழுத்தைக் காணலாம்.

பிடித்த எழுத்துருவை இறக்கியதும் ஸ்ரீ, க்ஷ, கௌ, ஞூ, ழு ஆகியவற்றைத் தட்டிப் பார்ப்பது நல்லது. கும்பாபிஷேக அழைப்பிதழில் ‘ஸ்ரீ’ உடைந்து நிற்பதைவிடச் சங்கடம் வேறில்லை. ஃபோட்டோஷாப்பில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால் குறை எழுத்துருவில் இருக்காது, மென்பொருளின் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும்.

பழைய உரையை யுனிகோடுக்கு மாற்ற என்எச்எம் மாற்றியும் சுரதாவின் இணைய மாற்றியும் உதவும். பாமினி கோப்பில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. அங்கே தமிழும் ஆங்கில எழுத்தாகவே பதிவாகியிருப்பதால், முன்னெழுத்து, ஜாலான் முகவரி, மலாய்த் தலைப்பு எல்லாவற்றையும் மாற்றி சேர்த்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும். அந்தப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேண்டும். பெயர்ப் பட்டியலை, அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த யாரேனும் ஒருவர் பழைய மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பலாம்.